பச்சை நோட்டில் விட்டுப்போன நான்கு வரிகள்

ஜனவரி 20, செவ்வாய்

இன்று முதல் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் கிடையாது. நான் செய்த ஒரே குற்றம் ஐந்து செமஸ்டரிலும் முதல் மதிப்பெண் வாங்கியது.

ஹெப்சிபா மேடம் மூன்றாம் ஆண்டுக் கணிதத்தில் பின்தங்கியவர்களுக்காக ஓர் 'உதவி மேசை' தொடங்கியிருக்கிறார். நூலகத்துக்குப் பின்னால், கால் ஒடிந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறையில், பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றரை வரை. "சண்முகக்கனி, நீதான் பொறுப்பு" என்றார். "சரிங்க மேடம்" என்று என் வாய் சொன்னது. என் வாய் எப்போதும் அப்படித்தான், என்னைக் கேட்காமல் நல்ல பெயர் வாங்கும்.

எனக்கென்று ஒதுக்கிய ஆள் உலகம்மாள். மூன்று வருடமாக ஒரே வகுப்பில் இருக்கிறோம், மூன்று முறை பேசியிருப்போமா என்பது சந்தேகம். கடைசி பெஞ்சு. ஆவாரம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். உளுந்து அறுவடை என்று டிசம்பர் பாதிக்கு மேல் காட்டில் நின்றுவிட்டாளாம். வருகைப்பதிவு குறைந்துவிட்டது. ரியல் அனாலிசிஸ் உள்தேர்வில் ஐம்பதுக்கு ஏழு.

பிப்ரவரி 26 அன்று அவளுக்கு மறுதேர்வு. அதில் இருபது எடுத்தால் மேடம் கையெழுத்துப் போட்டு ஹால் டிக்கெட்டுக்கு அனுப்புவார். எடுக்காவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். பெயர் போனால் படிப்பும் போனது, சித்திரையிலிருந்து அத்தையோடு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்களாம். இதையெல்லாம் அவள் பஸ் நேரம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

முப்பத்தேழு நாள் இருக்கிறது. ஐம்பது பக்கம். ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம் மனப்பாடம் செய்தால் எருமைமாடுகூட இருபது மார்க் வாங்கிவிடும்.

ஜனவரி 22, வியாழன்

உலகம்மாளுக்குப் பச்சை நோட்டின் நகல் கொடுத்தேன்.

பச்சை நோட்டைப் பற்றி இதில் எழுதியதில்லை, எழுதி வைக்கிறேன். எங்கள் துறையில் ரியல் அனாலிசிஸ் பாடப்புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு பிரதி, ஆங்கிலத்தில், நடுவில் பதினாறு பக்கம் இல்லாமல். எல்லோரும் படிப்பது தமிழில் கையால் எழுதிய ஒரு நோட்டை. பச்சை ரெக்சின் அட்டை. யார் எப்போது எழுதியது என்று தெரியாது. நகலுக்கு நகல் எடுத்து எழுத்து மங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு வருடமும் முதல் மதிப்பெண்காரி அதைத் தன் கையால் புதிதாக எழுதி, பிரிவு விழாவில் அடுத்த வருடத்துப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். இந்த வருடம் நான். பொங்கல் விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஒரு எழுத்து மாறவில்லை. கையெழுத்தும் அச்சு மாதிரி இருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நோட்டு எனக்கு அத்துப்படி. எட்டாம் பக்கம் பதினோராம் வரி என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

உலகம்மாள் முதல் பக்கத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஏன் கனி?" என்றாள். "எது?" என்றேன். "இந்த 'எனவே'" என்றாள். மணி அடித்துவிட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

ஒன்பது நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. பதினோரு குடம், இரண்டு டிரம். இடுப்பு ஒடிந்தது.

உலகம்மாள் இன்னும் நான்காம் பக்கத்தில் நிற்கிறாள்.

பிப்ரவரி 2, திங்கள்

இவளோடு மாரடிக்க முடியவில்லை.

இன்று முப்பத்தோராம் பக்கம், முக்கியமான தேற்றம். கேள்வித்தாளில் தவறாமல் வரும், பத்து மார்க். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருக்கும் எண்களைப் பட்டியல் போடவே முடியாது என்பது தேற்றம். முதல் எண், இரண்டாம் எண், மூன்றாம் எண் என்று முடிவே இல்லாமல் எழுதிக்கொண்டு போனாலும் ஏதாவது ஓர் எண் விட்டுப்போகும். நிரூபணம் ஏழே வரி. பட்டியல் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் எண்ணில் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம் என்று மூலைவாட்டத்தில் இறங்கி, ஒவ்வொன்றையும் மாற்றி எழுதிப் புதிதாக ஓர் எண் செய்ய வேண்டும். எனவே இந்தப் புதிய எண் பட்டியலில் இல்லை. முடிந்தது.

"மாத்தி எழுதியாச்சு, சரி. இல்லன்னு எப்படித் தெரியும்?" என்றாள் உலகம்மாள்.

"நோட்டுல போட்டிருக்குல்ல."

"பட்டியல்ல கோடிக்கணக்குல கெடக்கு கனி. முடிவே இல்லங்கிற. ஒவ்வொண்ணா எடுத்தா பாத்தாக? எங்கயாவது லட்சத்தி ஒண்ணாவது எடத்துல இந்த எண்ணு ஒக்காந்திருந்தா என்ன செய்வ? இங்ஙன ஏதோ வரி விட்டுப்போன மாதிரி இருக்கு."

"ஏட்டி, நான் ஒரு எழுத்துவிடாம எழுதுனது அது. ஒண்ணும் விடல."

"நீ விட்டேன்னு நான் சொல்லலயே."

அதற்கு மேல் விளக்க எனக்கு நேரமில்லை. மணி ஒன்று இருபதுதான் ஆகியிருந்தது, ஆனாலும் நேரமில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

முப்பத்தோராம் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

சரியாகத்தான் இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேனே.

பிப்ரவரி 9, திங்கள்

மாதிரித் தேர்வு வைத்தேன். நோட்டைப் பார்க்காமல் ஏதாவது ஒரு தேற்றத்தை எழுது என்றேன். உலகம்மாள் முப்பத்தோராம் பக்கத்தையே எடுத்தாள். ஆறு வரி எழுதினாள். 'எனவே' என்று எழுதினாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. சொல்லக்கூடாததைச் சொன்னேன். ஊரில் எல்லோரும் எழுதுகிறார்கள், உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது, உனக்கெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ்தான் சரி என்றேன். பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. நோட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீ சொல்லித் தரலன்னு எனக்குக் கோவமில்ல கனி. ஒனக்கும் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

திமிர்.

பிப்ரவரி 10, செவ்வாய்

உலகம்மாள் வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். வெண்டைக்காய்ப் பொரியல்.

பிப்ரவரி 11, புதன்

வகுப்புக்கே வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் சரியாக வேகவில்லை, அதனால்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்றும் வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட் 'ஆ' விழுவதை நான் முதல் பெஞ்சிலிருந்து பார்க்கிறேன். சிவப்பு மை.

நூலகத்துக்குப் போய் அந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். கிழிந்துபோன பதினாறு பக்கத்துக்குள்தான் அந்தத் தேற்றம் இருந்திருக்கிறது. மேடத்தின் அறை வாசலில் இரண்டு முறை நின்றேன். உள்ளே போய் என்ன கேட்பது? ஐந்து செமஸ்டராக வகுப்பில் முதல் வருகிறவள், முப்பத்தோராம் பக்கத்தில் ஏழாம் வரி எப்படி வந்தது என்று கேட்பதா? திரும்பி வந்துவிட்டேன்.

இந்த டைரியை அம்மாகூடத் திறப்பதில்லை. ஆகையால் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியாது. முப்பத்தோராம் பக்கம் மட்டுமில்லை. எட்டாம் பக்கமும் தெரியாது, பன்னிரண்டாம் பக்கமும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த வரிக்குப் பிறகு எந்த வரி என்பதுதான். அவள் மூன்று வாரமாக ஒவ்வொரு 'ஏன்' கேட்கும்போதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பயம்.

பிப்ரவரி 13, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வரி விட்டுப்போயிருந்தால் எங்கே விட்டுப்போயிருக்கும் என்று யோசித்தேன். நான் விடவில்லை. எனக்கு முன்னால் எழுதியவள் விட்டிருக்கலாம். அவளுக்கும் முன்னால் எழுதியவளாக இருக்கலாம். பழைய நோட்டுகள் எங்கே போகும்? கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜபுஷ்பம் அக்காவிடம் போனேன். ஒவ்வொரு வருடமும் பச்சை நோட்டை நகலெடுப்பது அவர்தான்.

"பழசு எல்லாம் சாக்குல கெடக்கு பிள்ள. புதுசு எழுதிட்டா பழச இங்ஙனயே போட்டுட்டுப் போயிருவாளுக. எலி தின்னது போக மிச்சம் இருக்கும். எதுக்கு?" என்றார்.

"ஒரு வரி காணல அக்கா."

"ஒரு வரிக்கா இம்புட்டுக் கூத்து?" என்று சிரித்தார். ஆனாலும் மேசைக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்துப் போட்டார்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முப்பத்தோராம் பக்கத்தைப் புரட்டினேன். போன வருடத்து நோட்டில் ஏழு வரி. அதற்கு முந்தையதிலும் ஏழு வரி. ஒன்பது நோட்டு பார்த்தேன், கையெழுத்துதான் மாறியது. எல்லாம் ஐம்பது பக்கம். சாக்கின் அடியில் கிடந்த பத்தாவது நோட்டு மட்டும் தடிமனாக இருந்தது. அறுபத்து நான்கு பக்கம். அட்டையின் பச்சை வெளுத்து, ஓரத்தில் எலி கடித்திருந்தது.

அதில் அந்தத் தேற்றம் நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. அதே ஆறு வரி. பிறகு நான்கு வரி இடம் காலி. காலி இடத்தின் ஓரத்தில் சின்னதாக, 'ஏன்?' அதற்குக் கீழே 'எனவே' என்று தொடங்கும் கடைசி வரி.

மற்ற பக்கங்களைப் புரட்டினேன். எல்லா இடத்திலும் காலி. இரண்டு வரி, ஐந்து வரி, ஓரிடத்தில் முக்கால் பக்கம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'ஏன்?' எண்ணினேன், நாற்பத்தொன்று. உலகம்மாள் முதல் நாள் விரலை வைத்து நின்ற இடத்திலும் ஒன்று இருந்தது. நான்காம் பக்கத்தில் அவள் ஐந்து நாள் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலும் ஒன்று.

முதல் தாளில், பாடத்தின் பெயரைக்கூடத் தமிழில் போட்டு எழுதியிருந்தது: 'மெய்ப்பகுப்பாய்வு. எழுதியவள்: ச. தாயம்மாள், மூன்றாம் ஆண்டு கணிதம். இடம் விட்டிருக்கும் இடங்களில் பென்சிலால் எழுதுங்கள். அடுத்தவளுக்குக் கொடுக்கும்போது அழித்துக் கொடுங்கள்.'

அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஆமா, ஞாபகம் இருக்கு. ஒரு வருசம் ஒரு பிள்ள வந்தா. அக்கா, சும்மா வெத்து எடமாக் கெடக்கு, நெருக்கி எழுதிட்டேன், பதினாலு பக்கம் கொறஞ்சிருச்சுன்னா. படிக்கக் கொஞ்சமா இருக்குன்னு எல்லாத்துக்கும் ஒரே கொண்டாட்டம்" என்றார். தாயம்மாள் யார் என்று கேட்டேன். "யாரு கண்டா? எங்கயாவது டீச்சரா இருப்பா. இல்ல எவன் வீட்டு அடுப்படியிலயாவது கெடப்பா" என்றார்.

காலியிடங்களின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். அங்கே மட்டும் தாள் பழைய வேட்டி மாதிரி மென்மையாக இருந்தது. எழுதி, அழித்து, எழுதி, அழித்து, தாள் தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்பக்கத்து எழுத்து தெரிகிறது. எத்தனை பிள்ளைகள் இந்த நான்கு வரிக்குள் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்! நான் அங்கே யாரும் உட்கார இடமில்லாத நோட்டை அச்சு மாதிரி எழுதி வைத்துக்கொண்டு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அக்காவிடம் கேட்டு அந்த நோட்டை மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை ஏழரை பஸ்ஸில் ஆவாரம்பட்டி போனேன். வீட்டில் சினேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். பொய்தான், அவள் எனக்கு இன்னும் சினேகிதி இல்லை.

ஊருக்கு முன்னாலேயே பஸ் மெதுவானது. தார் ரோட்டில் பிந்தி விதைத்த உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போகப் போக நெற்று உடைந்து மணி உதிரும். ரோட்டோரத்தில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு உலகம்மாள் நின்றிருந்தாள். நான் இறங்கியதைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"என்ன, மேடம் சொல்லி விட்டாகளா?"

"இல்லட்டி. நானா வந்தேன். எனக்குத் தெரியாது உலகு. அன்னைக்குச் சொல்லியிருக்கணும். அந்த ஏழாவது வரி எனக்கும் வெளங்கல."

பையிலிருந்து தாயம்மாளின் நோட்டை எடுத்து நாற்பதாம் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். காலியிடத்தைப் பார்த்தாள். 'ஏன்?' என்பதைப் பார்த்தாள்.

"அப்போ கேக்கலாம், இல்லியா?" என்றாள். "நான் மக்குன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

மூன்று வருடம் கடைசி பெஞ்சில் அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் அம்மா வந்து, "டீ போடட்டா பிள்ள?" என்று கேட்டது நல்லதாகப் போயிற்று.

டீ குடித்துவிட்டு ரோட்டோரத்துப் புளிய மர நிழலில் உட்கார்ந்தோம். நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். உலகு எதையும் எழுதவில்லை. ரோட்டில் போகிற வண்டிகளையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு கை உளுந்தும் ஒரு கை வெள்ளைச் சோளமும் அள்ளி வந்தாள்.

"கண்ண மூடுனா எனக்கு வருகைப்பதிவேடுதான் வருது கனி. என் தலையெழுத்தே அதுலதான கெடக்கு. வச்சுப் பாப்போமா? கருப்பு உளுந்து ஆப்சென்ட். வெள்ளச் சோளம் பிரசென்ட்."

தரையில் ஐந்து வரிசை வைத்தாள். வரிசைக்கு ஐந்து மணி. ஒரு வரிசை ஒரு பிள்ளை. குறுக்கே முதல் நாள், இரண்டாம் நாள், ஐந்தாம் நாள் வரைக்கும்.

"இப்போ இந்த அஞ்சு பேர்ல யாருமே இல்லாத ஒருத்தி வேணும். நீ அவள எப்படிச் செய்வ?"

நான் ஐந்து வரிசையையும் மாறி மாறிப் பார்த்தேன். எதையாவது வைத்தால் அது மூன்றாம் வரிசையாகவோ ஐந்தாம் வரிசையாகவோ ஆகிவிடுமோ என்று யோசித்தேன்.

"பாக்காத" என்றாள் உலகு. "எல்லாத்தையும் பாக்க வேண்டாம். மொத நாளு மொத பிள்ளைய மட்டும் பாரு. அவ வந்திருக்காளா? இவ வரல." கீழே ஓர் உளுந்தை வைத்தாள். "ரெண்டாம் நாளு ரெண்டாம் பிள்ளைய மட்டும் பாரு. அவ வரலயா? இவ வந்துட்டா." ஒரு சோளத்தை வைத்தாள். மூலைவாட்டத்தில் இறங்கிக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றி வைத்தாள். ஆறாவதாக ஒரு வரிசை வந்துவிட்டது.

"சொல்லு. இவ மொத பிள்ளையா?"

"இல்ல. மொத நாளு மாறுது."

"ரெண்டாம் பிள்ளையா?"

"ரெண்டாம் நாளு மாறுதுல்ல."

"நூறாவது பிள்ளையா?"

தரையில் நூறாவது வரிசை இல்லை. ஐந்துதான் இருந்தது. ஆனாலும் அவள் கேட்டு முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "நூறாவது நாளு மாறும்" என்றேன்.

"லட்சத்தி ஒண்ணாவது?"

நான் பென்சிலைத் தரையில் வைத்துவிட்டேன்.

பார்க்காமலேயே தெரிகிறது! யாரும் பார்க்க முடியாத தூரத்தில், முடிவே இல்லாமல் போகிற அந்தப் பதிவேட்டின் எந்த வரிசையில் போய் நின்றாலும், அந்த வரிசைக்கென்று ஒரு நாள் இருக்கிறது, அந்த நாளில் இவள் மாறுபடுகிறாள். சோளத்துக்கு ஒன்று, உளுந்துக்கு இரண்டு என்று எழுதி முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அதுதான் அந்தத் தேற்றத்தின் எண். ஏழு வரியும் எனக்கு எப்போதோ தெரியும். தேற்றத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். புல்லரித்துவிட்டது. வானம் அப்படியே இருந்தது, புளிய மரம் அப்படியே இருந்தது, இவ்வளவு பெரிய விஷயம் உலகுவின் உள்ளங்கை அளவு தரையில் கிடந்தது. கண்ணில் நீர் வந்தது. கரிசல் தூசி என்று எழுதலாம், எழுதப்போவதில்லை.

ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. காற்றில் எங்கள் பிள்ளைகள் எல்லாம் கலைந்துபோனார்கள். உலகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"எவ்வளவு பெரிய ரிஜிஸ்டர் போட்டாலும் அதுல இல்லாத ஒருத்தி இருக்கா, பாத்தியா?" என்றாள்.

பென்சிலை அவளிடம் கொடுத்தேன். நான்கு வரியில் எழுதினாள். சரியாக நான்கு வரி.

பிப்ரவரி 16, திங்கள்

உலகு கல்லூரிக்கு வந்தாள். உதவி மேசையில் என் அச்சுக் கையெழுத்து நோட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தாயம்மாளின் நோட்டைத் திறந்தோம். பக்கத்து மேசைப் பிள்ளைகள் நான்கு பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரே சத்தம். நூலகர் வந்து திட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 21, சனி

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பதினேழாம் பக்கத்து இடைவெளி திடீரென்று பிடிபட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, நானே, என் மண்டையிலிருந்தே! டிரம் வழிந்து வாசலெல்லாம் ஆறாக ஓடியது. "பேயடிச்ச மாதிரி நிக்கா பாரு" என்று அம்மா கத்தினாள். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.

பிப்ரவரி 25, புதன்

நாளை மறுதேர்வு. நாற்பத்தொன்றில் பதினெட்டுதான் நிரம்பியிருக்கிறது. பாதிப் பாடத்துக்கு மேல் உலகு தொடவே இல்லை. மனப்பாடம் செய்திருந்தால் இதற்குள் முடிந்திருக்கும். நான் அவளைக் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இருபது மார்க் வேண்டும். இருபது மட்டும் வந்துவிட்டால் போதும்.

பிப்ரவரி 26, வியாழன்

ஐந்து கேள்வி, தலா பத்து. உலகு மூன்றுதான் எழுதினாள். மீதி இரண்டில் ஒரு வரிகூட எழுதவில்லையாம். "தெரியாதத எப்படி எழுத?" என்கிறாள். பட்டியல் தேற்றம் வந்ததாம். "எப்படி எழுதுன?" என்று கேட்டேன். "பதிவேடு போட்டு எழுதுனேன்" என்றாள்.

கேள்வித்தாளுக்கான விடைக் குறிப்பு பச்சை நோட்டின் ஏழு வரிதான் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும்.

பிப்ரவரி 27, வெள்ளி

மதியம் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் உலகுவின் விடைத்தாள் இருந்தது. சிவப்பு மை எங்கும் இல்லை.

"இத யாரு சொல்லிக் கொடுத்தா? நீயா?"

"இல்ல மேடம். அவதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தா."

என் வாய் முதல் முறையாக என் பேச்சைக் கேட்டது.

மேடம் தாளைத் திருப்பினார். உலகு கோடு கிழித்து ஒரு வருகைப்பதிவேட்டையே வரைந்திருந்தாள். கீழே நான்கு வரி. மேடம் அதைத் திரும்பவும் படித்தார்.

"பதினோரு வருசமா இந்தக் கேள்வியத் திருத்துறேன்" என்றார். "எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்கும். ஏழு வரி, பத்து மார்க். இந்த எடத்துல யாரும் நின்னதே இல்ல. நானும் நில்லுங்கன்னு சொன்னதில்ல."

தாயம்மாளின் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். முதல் தாளைப் படித்தார். பிறகு என்னைப் போலவே அவரும் அந்தக் காலியிடங்களை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே மணி அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

உலகுவுக்கு ஐம்பதுக்கு இருபத்தேழு. பட்டியல் தேற்றத்துக்குப் பத்துக்குப் பத்து.

அவளிடம் சொல்ல ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். சொன்னேன். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆவாரம்பட்டி பஸ் வந்தது, நின்றது, போயிற்று. இரண்டு பேரும் ஏறவில்லை, எனக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மார்ச் 30, திங்கள்

அறிவிப்புப் பலகையில் ஹால் டிக்கெட் பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்தெட்டாவது பெயர்: மா. உலகம்மாள். அவள் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டியல்ல இருக்கதும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 8, புதன்

இன்று பிரிவு விழா. லெமன் சாதம், சிப்ஸ், ஆளுக்கொரு பேனா.

நான் பொங்கலுக்கு எழுதிய அச்சு நோட்டை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் வைத்திருந்தேன். பருப்பு டப்பாக்களுக்கு அடியில் விரிக்கத் தாள் வேண்டும் என்று அம்மா கேட்டாள். கொடுத்துவிட்டேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றாள்.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுக்கப்போவது தாயம்மாளின் நோட்டை. விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நானும் உலகுவும் பெஞ்சறையில் உட்கார்ந்தோம். உதவி மேசையின் கடைசி வேலை. நாற்பத்தொரு இடமும் நிரம்பியிருந்தன. பாதிக்கு மேல் உலகுவின் கோழிக்கிறுக்கல், ஒன்பது என்னுடையது, மற்றவை மற்றப் பிள்ளைகளுடையவை. ஆளுக்கொரு ரப்பர் எடுத்துக்கொண்டோம்.

பதினேழாம் பக்கம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. பி.எஸ்சி. மூன்று வருடத்தில் முதன்முதலாக நானே கண்டுபிடித்தது அந்த ஐந்து வரிதான். இதை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? ஒனக்குத்தான் தெரியுமே" என்றாள் உலகு.

அழித்தேன்.

அவள் நாற்பதாம் பக்கத்தை மடியில் வைத்திருந்தாள். அவளுடைய நான்கு வரி. அவளை இந்தக் கல்லூரியில் இருக்க வைத்த நான்கு வரி. அவள் யோசிக்கவே இல்லை. இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிழிந்துவிடாமல், ஒரே பக்கமாக மெதுவாகத் தேய்த்தாள். எழுத்து போனது. ஓரத்தில் தாயம்மாளின் மையில் 'ஏன்?' மட்டும் அப்படியே இருந்தது.

நான் குனிந்து ரப்பர் தூளை ஊதினேன். தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். முன்னைவிட இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தது.